உப்புப் பார்க்கிற பெட்டி

ஒஸ்லோவுக்கு அகதியாய் வந்ததிலிருந்து அம்மா போரைப் பற்றி வாயே திறந்ததில்லை. மனநல நிலையம் தந்த பேசும் பெட்டிகள் எங்கள் ஊர்த் தமிழிலேயே அன்பாய்க் கேட்டுப் பார்த்தன. "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடாத ஆளோட எனக்கென்ன கதை?" என்று அம்மா துணியால் மூடிவிடுவார்.

இன்று வந்த புதுப்பெட்டிக்கு ருசி பார்க்கிற நாக்கு இருந்தது! இதையும் மூடினால் இனிப் பெட்டி கிடையாது என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

அம்மா அகப்பையில் தேங்காய்ப்பால் சொதியை அள்ளி அந்த நாக்கில் விட்டார்.

"நல்ல ருசி அம்மா. உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றது பெட்டி.

போச்சு, எல்லாம் போச்சு!

"உப்புக் கூடவோ? என்ர சொதியிலயோ?" அகப்பையை ஓங்கிய அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். "நிரூசனும் இப்பிடித்தான். குறை சொல்லிச் சொல்லியே சட்டியைக் காலியாக்கிப் போடுவான்."

நிரூசன் என் அண்ணன். ஷெல்லடியில் போனவன். அதன்பிறகு அந்தப் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நிரூசன் ஆர் அம்மா?" பெட்டி மெதுவாய்க் கேட்டது.

அம்மா அடுப்பை அணைத்தார். கதிரையை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"அது பெரிய கதை. சோறு போடுறன், இருந்து சாப்பிட்டுக்கொண்டு கேள்."

நான் ஓடிப்போய்த் தட்டுகள் எடுத்தேன், பெட்டிக்கும் சேர்த்து.