இறக்க முடியாத கூடு

வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றவே ஆள் வைத்திருக்கும் மரகதவல்லி, ஞாயிறானால் ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டக் கிளம்பிவிடுவாள். சேவையாம். அன்று அவள் கைகாட்டிய மரம்தான் சாய்ந்தது. அந்நிய மரமென்பதால் வெட்டுமுன் யாரும் அண்ணாந்து பார்த்திருக்கவில்லை. மரம் சாய்ந்த குஷியில் தட்டிய கைகள் அப்படியே நின்றன. முள்ளுக்குள்ளிருந்து கொக்குக் கூடுகள் பொத்துப் பொத்தென்று சேற்றில் விழுந்தன. ஒன்றை மட்டும் பாய்ந்து ஏந்திவிட்டாள். உள்ளே இரண்டு குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி.

“கீழ வைங்கக்கா, பொங்கல் ஆறுது,” என்றான் கூட வெட்டிய பெர்னார்டு.

“எங்க வைக்கிறதுப்பா?”

நாலு வாரமாக இவர்களே மொட்டையடித்த கரையில் ஒரு மரம் மிச்சமில்லை. கூட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். மீனோடு வந்த தாய்க்கொக்கு இரண்டுமுறை வட்டமடித்துவிட்டு, அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.