வரவேற்பு வீடியோவில் ஒரு கை

எடுத்த காட்சி முழுவதையும் ஒருமுறை பார்க்காமல் வீடியோ எடிட்டர் பெனிட்டா எதையும் வெட்ட மாட்டாள். அப்படிப் பார்த்ததால்தான் அந்த வரவேற்பு வீடியோவில் அது அவள் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை கதிரேசனின் கை மணப்பெண் நித்திலாவின் பின்கழுத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் சிரித்தாள். கையை எடுத்ததும் சிரிப்பு அணைந்தது. இன்று திருத்தம் சொல்ல இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். கதிரேசன் பெனிட்டாவின் நாற்காலி முதுகில் கையூன்றித் திரையைப் பார்த்தான். "இவ சிரிக்காத எடத்தையெல்லாம் தூக்கிடுங்க மேடம். அம்மா பாத்தா வருத்தப்படுவாங்க." தன்மையாகத்தான் சொன்னான். போன் வந்து அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனதும், சோபாவில் தலைகுனிந்திருந்த நித்திலாவிடம் பெனிட்டா மெல்லக் கேட்டாள். "உன்ன என்னம்மா பண்றான்?" நித்திலா எழுந்து அருகில் வந்தாள். "பாட்டச் சத்தமா வைங்கக்கா. அவருக்குக் காது ரொம்பக் கூர்மை." பெனிட்டா வைத்தாள். நித்திலா அவள் காதோரம் குனிந்தாள். "இவருக்கு முன்னாடியே ஒரு பொண்டாட்டி இருந்திருக்கா. அவ இப்ப எங்கன்னு கேட்டேன்க்கா. அன்னைலேருந்து..." வெளியே கதிரேசன் பேச்சை முடித்துத் திரும்பினான். பெனிட்டா எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். "இப்ப சொல்லும்மா" என்றாள். கண்ணாடிக்கு அப்பால் நின்று கதிரேசன் சிரித்தபடியே கைப்பிடியை அழுத்திப் பார்த்தான்.