கடைசி பெஞ்சுக் குறட்டை

பிரசங்கம் சூடு பிடித்திருந்த நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து குறட்டை கிளம்பியது.

சும்மா குறட்டை இல்லை. பாரம் ஏற்றிய பழைய லாரி மேடு ஏறுகிற மாதிரி.

பாஸ்டர் அசடு வழிய வேதாகமத்தை மூடினார். "சரி... ஜெபிப்போம்."

சபைச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாராவாரம் இதே கூத்து. ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பவர், டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு நேரே ஆராதனைக்கு வந்துவிடுவார். பாட்டுக்கு எழுந்து நிற்பார். ஜெபத்துக்குக் கண் மூடுவார். பிரசங்கம் தொடங்கி அரை மணி ஆனால் போதும், லாரி கிளம்பிவிடும்.

அன்றைக்கு வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார் செயலாளர்.

"ஏங்க, இது கர்த்தரோட வீடா, இல்ல நீங்க காலை நீட்டிப் படுக்கற சத்திரமா?"

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"பாஸ்டர் ராப்பகலா உக்காந்து தயார் பண்ணிட்டு வர்றார். உங்களால பிரசங்கம் பாதியில நிக்குது. தூக்கம் வந்தா வீட்லயே தூங்குங்க. நீங்க ஒருத்தர் வரலேன்னா சபை ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காவல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

செயலாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சபை ஒரு சரீரம், நாமெல்லாம் அதன் அவயவங்கள், ஒன்று குறைந்தாலும் சரீரம் ஊனம்தான் என்று பிரசங்கம். பாஸ்டர் கண்ணில் ஆரம்பித்தார். காதுக்கு வந்தார். மூக்குக்கு வந்தார். அரை மணி போனது. ஒரு மணி போனது. அப்போதுதான் முழங்கையில் இருந்தார்.

"இன்னும் கால் வரைக்கும் இறங்கணுமே!" செயலாளரின் மனைவி அவர் காதைக் கடித்தார். "அடுப்பைச் சின்னதா வச்சிட்டு வந்திருக்கேங்க."

"உஷ்!"

குழந்தைகள் சிணுங்கின. சர்க்கரை நோய்க்காரர்கள் பிஸ்கட்டுக்குப் பையைத் துழாவினார்கள். முன் பெஞ்சில் பாஸ்டரம்மா விடாமல் இருமினார். பாஸ்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இடுப்பில் இருந்தார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, கால் சுண்டுவிரலில் கொண்டுவந்து முடித்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"இன்னிக்குத்தான் எல்லாரும் முழிச்சிருந்து கேட்டீங்க. நிறுத்தவே மனசு வரல!"

அதற்கடுத்த ஞாயிறு நோவாவின் பேழை. இரண்டே கால் மணி நேரம், மிருகங்கள் ஜோடி ஜோடியாக ஏறிக்கொண்டே இருந்தன.

அன்று சாயங்காலம் செயலாளர் காவல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். தானாகப் போகவில்லை. வீட்டில் இரண்டாவது பாத்திரமும் தீய்ந்த கோபத்தில் மனைவி துரத்திவிட்டிருந்தார்.

கதவைத் திறந்தது காவல்காரரின் மனைவி.

"வாங்க ஐயா. என்ன, சத்திரத்துல இடம் காலியாயிடுச்சா?"

செயலாளர் நெளிந்தார். "அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேம்மா."

"இருபது வருஷமா ஒரு ஞாயிறு தவறாத மனுஷன். ரெண்டு வாரமா குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போறார். திரும்பி வந்து உக்காந்துக்கறார். 'நான் போகலேன்னா யாருக்கு என்ன?'ங்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

உள்ளேயிருந்து காவல்காரர் வந்தார். "நீ சும்மா இரு. ஐயா, நான் வந்தா மறுபடியும் குறட்டை வருமே?"

"வரட்டும்! தாராளமா வரட்டும்!" செயலாளர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாம சபை சபையாவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காவல்காரர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் சாய்ந்தால் தோள் கொடுக்கலாமே என்று செயலாளரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சரியாக அரை மணி. லாரி கிளம்பியது.

பாஸ்டர் வேதாகமத்தை மூடினார். "சரி... ஜெபிப்போம்."

செயலாளர் பாசத்தோடு பக்கத்தில் திரும்பினார். திரும்பியவர் அப்படியே உறைந்துபோனார்.

காவல்காரர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைக் கண் கொட்டாமல் பார்த்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதுதான் தாமதம். "அட, நீங்க தூங்கவே இல்லையா?"

"மெதுவா ஐயா! தூங்கறவனுக்கு எவன் காவல் வேலை கொடுப்பான்?"

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்க மானத்தை வாங்கினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா பாஸ்டர் மனசு ஒடிஞ்சிடும் ஐயா. நல்ல மனுஷன், பேச ஆரம்பிச்சா நேரம் தெரியாது, அவ்வளவுதான். என்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டுப் போகட்டும்."



அப்போது பாஸ்டரம்மா அந்தப் பக்கம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காவல்காரர் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்து அழுத்தினார்.

"ரெண்டு வாரமா எங்கண்ணே போனீங்க? இருமி இருமி எனக்கு நெஞ்சே வலிச்சுப்போச்சு. இதுல தொண்டை மாத்திரை இருக்கு. பத்திரமா பாத்துக்குங்க, அடுத்த வாரம் வெளியூர் பாஸ்டர் வர்றார். எங்க வீட்டுக்காரருக்கே பிரசங்கம் பண்ணக் கத்துக்கொடுத்தவராம்!"