ஏலகிரி ஏறிய கால்

“தறியில உக்காரத் தெம்பு இல்ல, மலை ஏற மட்டும் காலு வருதா?”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வேணுகோபால் வாசலில் நின்று சத்தம் போட்டார். அவர் மகன் உதயகுமார் நொண்டி நொண்டி வந்து புல்லட்டின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

வண்டியைக் கிளப்பிய தன்வீருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. உதயகுமார் அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். விபத்தில் இடது கால் உடைந்து, கம்பி வைத்து, ஏழு மாதமாக வீட்டோடு கிடக்கிறான். ஒரு நாள் ஏலகிரிக்குக் கூட்டிப் போய் வந்தால் மனசு தேறுமே என்று நினைத்தது தன்வீர்தான்.

உதயகுமாரின் மனைவி கலாவதி ஒரு கையில் குரூப் ஃபோர் பரீட்சைப் புத்தகமும் இன்னொரு கையில் புளிசாதப் பொட்டலமுமாக ஓடிவந்தாள்.

“அண்ணா, பள்ளம் மேடு பாத்துப் போங்க. ராத்திரி பூரா வலின்னு சொல்லிக்கினு இருந்தாரு. இப்பதான் ஒத்தடம் குடுத்தேன்.”

“நான் பாத்துக்கறேம்மா” என்றான் தன்வீர்.

தாமல் ஏரி, வாலாஜா, வேலூர் என்று சமவெளியில் எல்லாம் சரியாகத்தான் போனது. மலையில்தான் தன்வீரின் வண்டவாளம் வெளிப்பட்டது. காஞ்சிபுரத்துத் தெருவில் ஜரிகைக் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டியவன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்க, பயந்து பிரேக்கைப் பிடித்தான். என்ஜின் அணைந்தது; பதற்றத்தில் பிரேக்கையும் விட்டுவிட்டான். அத்தனை கனமான வண்டி இருவரோடும் பின்பக்கமாகப் பள்ளத்தை நோக்கி உருண்டது.

தன்வீர் கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டி சட்டென்று நின்றது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். உதயகுமாரின் இடது கால் ரோட்டில் தூண் மாதிரி ஊன்றியிருந்தது. அதே கம்பி வைத்த கால்.

“எறங்குடா. நான் ஓட்டறேன்.”

மீதி ஐந்து வளைவுகளையும் உதயகுமார்தான் ஓட்டினான். ஒவ்வொரு வளைவுக்கும் அந்த இடது கால் கியரை அழுத்தியது, தூக்கியது, மறுபடி அழுத்தியது. பின்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்த தன்வீருக்கு உள்ளே கொதித்தது.

மேலே டீக்கடையில் வண்டி நின்றதும் வெடித்துவிட்டான்.

“எவ்ளோ நாளா இந்த நாடகம்?”

“ரெண்டு மாசமா. தறியில உக்காரலாம்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு.”

“வெக்கமா இல்ல? உங்கப்பா இந்த வயசுல தனியா நெய்யறாரு. அந்தப் பொண்ணு இல்லாத வலிக்கு ஒத்தடம் குடுத்துக்கினு இருக்குது. நீ காலை நீட்டிப் படுத்துக்கினு இருக்கியா? இன்னிக்கு சாயங்காலமே எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு. ஆனா மூணு வாரம் கழிச்சி சொல்லு.”

“இன்னா கணக்கு அது?”

உதயகுமார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தான்.

“அப்பா நெய்யறது சாதாத் தறி, ஒரு ஆளு போதும். என்னுது கோர்வைத் தறிடா. நான் பொடவ நடுவுல நெய்ஞ்சா, பக்கத்துல உக்காந்து கரைக்கு நூல் நாடாவ தள்ளி உட இன்னொரு ஆளு வேணும். அது கலாவதிதான். நான் உக்காந்தா அவளும் உக்காரணும்.”

தன்வீர் தன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

“ரெண்டு தபா பரிட்ச எழுதினா. பகல் பூரா தறி, ராத்திரி புத்தகம். புத்தகத்து மேலயே தூங்கிடுவா. போன தபா கொஞ்ச மார்க்ல போச்சு. இந்தக் காலு உடைஞ்சப்புறம்தான் பகல்ல படிக்கிறா.”

“வீட்ல சொல்லிட வேண்டிதானே? வேற ஆளு போடலாமே?”

“வூட்ல மருமவ இருக்க வெளி ஆளு எதுக்குன்னு அப்பா கேப்பாரு. அவளாண்ட சொன்னா இன்னும் மோசம். காலு சரியாச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே புத்தகத்த மூடிட்டு பக்கத்துல வந்து உக்காந்துடுவா. மூணு வாரத்துல பரிட்ச. அதுவரைக்கும் சோம்பேறின்னு திட்டு வாங்கினா நான் இன்னா கொறஞ்சா போயிடுவேன்?”

டீ ஆறிப்போயிருந்தது. தன்வீர் அதைக் குடிக்கவே இல்லை. மலை இறங்கும்வரை உதயகுமார் ஓட்டினான்; சமவெளி வந்ததும் தன்வீர் வண்டியை வாங்கிக்கொண்டான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான் தன்வீர். வேணுகோபால் காத்துக்கொண்டே இருந்தார். பின்னால் கலாவதி, படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்து மூடிய புத்தகத்தோடு நின்றாள்.

“தன்வீரு, எம்புள்ளய நான் நம்பல. நீ சொல்லுப்பா. மலைக்கே போய் வந்துட்டானே, நாளைக்கு அவன் தறியில பாவு போட்டுடலாமா?”

கலாவதியும் கேட்டாள். “ஆமாண்ணா, எப்டி இருக்குது காலு? முடியும்னா சொல்லுங்க, நானும் கூட உக்காந்துடறேன். மாமா ஒண்டியா கஷ்டப்படறாரு.”

உதயகுமார் மூச்சு விடாமல் சிநேகிதனைப் பார்த்தான்.

“எங்க முடியும்?” என்றான் தன்வீர். “மலையில வண்டிய விட்டு எறக்கறதுக்கே நான் தூக்கி விடவேண்டியதாப் போச்சு. இன்னும் ஒரு மாசத்துக்கு தறிப்பக்கமே உடாதீங்க.”

வேணுகோபால் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். கலாவதியும் உள்ளே போய் விளக்கடியில் உட்கார்ந்து, விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள்.

உதயகுமாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வண்டியிலிருந்து குதித்து இறங்கி விறுவிறுவென்று இரண்டு எட்டு நடந்தேவிட்டான்.

தன்வீர் பாய்ந்து போய் அவன் கையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, காதருகே பல்லைக் கடித்தான்.

“டேய், நொண்டுடா!”