பினாங்குக் கத்தி

இப்போதெல்லாம் தெரியாது என்று சொல்ல எவனுக்கும் வாய் வருவதில்லை என்று முணுமுணுத்தபடிதான் மாசிலாமணி அந்த மடக்குக் கத்தியைச் சாணைக்காரர் எட்டியப்பனிடம் நீட்டினார். பினாங்கில் பத்து வருஷம் இருந்துவிட்டு அப்பா கொண்டுவந்தது. செய்தவன் பேர் அதில் எங்கும் இல்லை; யார் செய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள்.

எட்டியப்பன் பிடியைத் தடவினார். "இது தறியில ஓடி உடைஞ்ச நாடாக் கட்டை. ஜெயில் தறிப் பட்டறைல திருட்டுத்தனமா செய்யறது பெரியவரே. பேரு எவன் போடுவான்?"

"யோவ், எங்கப்பா பினாங்குல கடை வச்சிருந்தாரு."

"எங்க வீட்டுலயும் ஊர்க்காரங்ககிட்ட நான் பினாங்குல இருக்கேன்னுதான் சொன்னாங்க. எட்டு வருஷம் உள்ள இருந்தேன்."

"உன் சங்காத்தத்துல எங்கப்பனைச் சேர்க்காத."

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். கப்பலைப் பற்றியோ கடலைப் பற்றியோ அப்பா ஒருநாளும் பேசியதில்லை. பேச்சே கம்மியான மனுஷன், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தார்.