மடங்காத கட்டைவிரல்

மட்டாஞ்சேரிப் பட்டறையின் தகரக் கூரையில் மழை இரைகிறது. சங்கர்ராமின் ஜீப் ஒரு பக்கமாக ஜாக்கியில் உயர்ந்து நிற்கிறது. மலைச் சவாரி ஓட்டுவதற்கென்றே வேலையை விட்டுவிட்டு வாங்கிய வண்டி. பெரிய டயர் போட்டதும் பாலத்து ஏற்றத்திலேயே திணறியதால், பின் ஆக்ஸிலுக்கு மட்டும் இழுவை கூடிய கியர் போட்டிருக்கிறார். மெக்கானிக் நல்லசிவம் பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு இரண்டு சுற்று உருட்டுகிறார். அடியில் அந்த ஆக்ஸிலைச் சுழற்றும் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து முறை சுற்றுகிறது. முன் டயரிலும் கோடு போட்டு அதே இரண்டு சுற்று உருட்டினால், முன் ஷாஃப்ட் நான்கைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. "ரெண்டும் ஒத்துப்போகல சாமி. நாலு வீலும் சேந்து இழுத்தா உள்ள பல்லு ஒடைஞ்சிரும்." "பின்னாடி வீல்தானே தள்றது, அது போறும்னு நெனச்சேன்." "முன்னாடிக்கு இதுக்கு ஜோடி எங்கயும் கெடைக்காது. பின்னாடி திருப்பிப் போட பழைய கியர் இருக்கா?" "ஆக்ரிக் கடைல பழைய இரும்போட எடைக்குப் போட்டாச்சு." படகுத்துறைப் பக்கம் படகு ஒன்று ஊதிவிட்டுப் போகிறது. சங்கர்ராம் ஈர வேட்டியோடு டயர் அருகே குந்துகிறார். "இன்னும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கோ." நல்லசிவம் முன் டயரை உருட்டுகிறார். ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கர்ராம் ஒரு விரலை மடக்குகிறார். நான்கு மடங்கிவிட்டன. இரண்டாம் சுற்றும் முடிந்து சாக்பீஸ் கோடு கீழே வந்து நிற்கிறது. கட்டைவிரல் மட்டும் நீட்டியபடியே இருக்கிறது.