போகும்போது லேசு, வரும்போது கனம்

"போகும்போது லேசா இருந்த பாத்திரம், வரும்போது எப்படிம்மா இவ்ளோ கனமாச்சு?"

காரின் பின்சீட்டில் இருந்த மூடி போட்ட பெரிய பாத்திரத்தை முறைத்தபடி கேட்டாள் ரோசலின். வயது பதினாறு. பெற்றவளையே நம்பாத வயது.

"வாயை மூடிக்கிட்டு வா" என்றாள் அம்மா வெர்னா, காரைக் கிளப்பியபடி.

மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊரில் ஒரு சாவு விழுந்தால் போதும். சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்து, அடியில் தங்கள் பெயரை எழுதி ஒட்டி, இழவு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கையோடு அந்த வீட்டை அலமாரி முதல் கட்டிலடி வரை சுத்தமும் செய்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அவர்கள் எல்லாருக்கும் முன்னால் வெர்னா போய் நிற்பாள். அவ்வளவு பெரிய பாத்திரத்தில் நாலு கோழித்துண்டுகளோடு. அதுதான் ரோசலினை உறுத்தியது.

இன்று இழவு அவளுடைய உயிர்த்தோழி கார்லீன் வீட்டில். கார்லீனின் அம்மா ஓபல் தூக்கத்திலேயே போய்விட்டாள். ஞாயிறுதோறும் சர்ச்சில் குடியின் கேட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த புண்ணியவதி.

"நீ மிஸ் ஓபல் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துனதைப் பார்த்தேன்."

"தலைவலி. கொஞ்சம் படுத்தேன்."

"செத்தவங்க கட்டில்லயா?"

வெர்னா வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

"கார்லீன் அங்க அழுதுட்டு இருக்கா. நீ அவ அம்மாவோட வெள்ளிக் கரண்டியை அள்ளிட்டு வர்றே! மிஸ் லூலா செத்தப்பவும் இதே பாத்திரம்தான். இனி கார்லீன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"திருடின்னே முடிவு பண்ணிட்டியாடி?"

"பாத்திரத்தைத் திறந்து காட்டு. இல்லன்னா மிஸ் ஐனெஸ்கிட்டப் போய்ச் சொல்லிடுவேன்."

வெர்னா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சுத்தம் செய்யும் பெண்கள் படைக்கு ஐனெஸ்தான் தளபதி. அவள் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

கார் நின்ற வேகத்தில் பின்னால் பாத்திரத்துக்குள் கண்ணாடிச் சத்தம் கேட்டது. ரோசலின் எட்டி மூடியைத் திறந்தாள்.

குளியல் துண்டில் சுற்றிய விஸ்கி பாட்டில்கள். ஒன்று பாதி காலி.

"மிஸ் ஓபலோடதா?" குரல் இறங்கிவிட்டது.

"ஐனெஸ் கூட்டம் இப்போ அலமாரியைக் குடைஞ்சிட்டு இருக்கும். இது சிக்கியிருந்தா, அடக்கத்துக்கு முன்னாடியே ஓபல் மானத்தைக் கப்பலேத்தியிருப்பாளுங்க. கார்லீன் இந்த ஊர்லதானே தலை நிமிர்ந்து நடக்கணும்?"

"மிஸ் லூலா வீட்டுலயும் இதேதானா?"

"அவங்களோடது ஜின்."

ரோசலினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூடியைப் பத்திரமாக மூடினாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"அவங்க எங்க ஒளிச்சு வெச்சிருப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வெர்னா மறுபடி வண்டியைக் கிளப்பினாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சர்ச்சுக்குப் போடுற தொப்பிப் பெட்டியை விட்டா நாங்க வேற எங்கடி வைப்போம்? என்னோடது அலமாரி மேல்தட்டுல இருக்கு. நான் செத்தா, அழறதெல்லாம் அப்புறம். ஐனெஸுக்கு முன்னாடி நீ போய் நின்னுடு."